டெலி லென்ஸுக்கும் வெள்ளெழுத்து உண்டு

கானுயிர்களைப் படமெடுக்க லென்ஸ் வாங்கப் போகிறவர்கள் கடையில் கேட்கும் முதல் கேள்வி "எத்தனை எம்.எம்.?" என்பதுதான். பெரும்பாலும் கடைசிக் கேள்வியும் அதுவே. 300 என்றால் தொடங்குவதற்குப் போதும், 400 என்றால் நல்லது, 600 என்றால் இன்னும் நல்லது என்று ஓர் ஏணி எல்லோர் மனத்திலும் இருக்கிறது. குளத்தின் மறுகரையில் நிற்கும் நாரையையும் மலைச்சரிவில் மேயும் வரையாட்டையும் பக்கத்தில் கொண்டுவந்து காட்டுவதுதான் டெலிபோட்டோ லென்ஸின் வேலை என்பதால் இந்த ஏணியில் தவறொன்றும் இல்லை. ஆனால் அதே லென்ஸை நாலடி தூரத்துச் செடியில் உட்கார்ந்திருக்கும் வண்ணத்துப்பூச்சியின் பக்கம் திருப்பினால் திணறுகிறது. உள்ளே மோட்டார் முன்னும் பின்னும் ஓடித் தேடுகிறது. காட்சி தெளிவதே இல்லை. நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு இது பழகிய சங்கதி. வரும் பேருந்தின் பெயர்ப்பலகை தூரத்திலேயே தெரியும், கையில் உள்ள பயணச்சீட்டைப் படிக்க முடியாது. வெள்ளெழுத்து என்று அதற்குப் பெயர் வைத்து, கண்ணாடி போட்டுக்கொள்கிறோம். டெலி லென்ஸின் வெள்ளெழுத்தை மட்டும் ஒரு குறையாகவே யாரும் பேசுவதில்லை. தொழில்நுட்ப விவரப் பட்டியலின் அடியில் ஒரு வரியாக அது கிடக்கிறது. அந்த வரியை மேலே கொண்டுவர வேண்டும் என்பதே என் வாதம். ஒரு கானுயிர் லென்ஸ் எவ்வளவு தொலைவைக் காட்டும் என்று பார்ப்பதுபோல, எவ்வளவு சிறியதைக் காட்டும் என்றும் பார்த்து மதிப்பிட வேண்டும். ஏனென்றால் நம்மைச் சுற்றியுள்ள உயிர்களில் எவை படமாகும், எவை ஆகாது என்பதை நமக்குத் தெரியாமலே அந்த வரி தீர்மானித்துக்கொண்டிருக்கிறது.

ஒவ்வொரு லென்ஸுக்கும் ஒரு குறைந்தபட்ச ஃபோக்கஸ் தூரம் உண்டு. அதைவிட அருகில் இருக்கும் எதுவும் தெளிவாகப் பதியாது. இந்தத் தூரம் லென்ஸின் முனையிலிருந்து அளக்கப்படுவதில்லை. கேமராவுக்குள் இருக்கும் சென்சாரிலிருந்து அளக்கப்படுகிறது. பல கேமராக்களின் மேற்புறத்தில், ஒரு வட்டத்தைக் கோடு வெட்டிச் செல்வதுபோல் பொறித்திருக்கும் சின்னக் குறி சென்சார் இருக்கும் அந்த இடத்தைத்தான் காட்டுகிறது. பறக்கும் பறவைகளைப் பிடிப்பதில் பெயர்பெற்ற, 1993-ல் வந்த கேனன் 400 எம்.எம். எஃப்/5.6 லென்ஸுக்கு இந்தத் தூரம் 3.5 மீட்டர். நிக்கான் 200-500 ஜூமுக்கு 2.2 மீட்டர், சோனி 200-600 ஜூமுக்கு 2.4 மீட்டர். கேனனின் 800 எம்.எம். எஃப்/11 லென்ஸுக்கோ 6 மீட்டர். நம் வீட்டுக் கூடம் பலவற்றின் நீளத்தைவிட அது அதிகம். தூரம் மட்டும் முழுக்கதையையும் சொல்லிவிடாது. 2 மீட்டரில் நிற்கும் 300 எம்.எம். லென்ஸும் 4 மீட்டரில் நிற்கும் 600 எம்.எம். லென்ஸும் ஒரு பூச்சியை ஏறக்குறைய ஒரே அளவில்தான் காட்டும். ஆகவே கூடவே பார்க்க வேண்டியது உருப்பெருக்கம். ஒரு பொருளின் உண்மையான அளவில் எத்தனை பங்கு சென்சாரின் மேல் விழுகிறது என்பதே அது. உள்ளது உள்ளபடி விழுந்தால் 1 மடங்கு. மேக்ரோ லென்ஸ்கள் எட்டுவது அதை. மேலே சொன்ன 400 எம்.எம். லென்ஸ் எட்டுவது 0.12 மடங்கு. 800 எம்.எம். லென்ஸ் 0.14, சோனி ஜூம் 0.2, நிக்கான் ஜூம் 0.22. எம்.எம். இரண்டு பங்காக உயர்ந்தும் உருப்பெருக்கம் அங்கேயே நிற்பதைக் கவனியுங்கள். ஏணியில் மேலே ஏறியவர், தூரத்து உயிர்களுக்கு நெருக்கமானார். சின்ன உயிர்களைப் பொறுத்தவரை ஓரடிகூட முன்னேறவில்லை.

இது எவ்வளவு பெரிய வேறுபாடு என்பதற்கு நம் வீட்டுப் புல்தரையிலிருந்தே ஒரு கணக்கு. புல்லோடு புல்லாகத் தாழப் பறக்கும், நீலன்கள் என்று அழைக்கப்படும் குட்டி வண்ணத்துப்பூச்சிகளைப் பார்க்காதவர்கள் இருக்க முடியாது. எல்லாம் ஒன்றுபோலத் தோன்றினாலும் அவற்றில் பல இனங்கள் உண்டு. எது எந்த இனம் என்று சொல்ல வேண்டுமானால் மூடிய இறக்கையின் அடிப்புறத்தில் உள்ள புள்ளிகளின் எண்ணிக்கையையும் அவை அமைந்திருக்கும் வரிசையையும் பார்த்தாக வேண்டும். இறக்கையை மூடி உட்காரும்போது அந்தப் பூச்சியின் அகலம் ஒரு சென்டிமீட்டர் அளவு என்று வைத்துக்கொள்வோம். 0.12 மடங்கு லென்ஸில் அது 36 மி.மீ. அகலமுள்ள முழு அளவு சென்சாரின் மேல் 1.2 மி.மீ. இடத்தைத்தான் பிடிக்கும். படத்தின் அகலத்தில் முப்பதில் ஒரு பங்கு. 24 மெகாபிக்சல் கேமராவில் அகலவாக்கில் 6,000 பிக்சல்கள் இருக்கின்றன என்றால், பூச்சிக்குக் கிடைப்பது 200. அதன் இறக்கையில் அரை மி.மீ. புள்ளி ஒன்றுக்குக் கிடைப்பது வெறும் 10. காற்றில் புல் ஒரு முறை அசைந்தால் அந்தப் பத்தும் ஒரு தீற்றலாகிவிடும். அதே பூச்சியை 0.33 மடங்கு காட்டும் லென்ஸில் எடுத்தால் 550 பிக்சல், புள்ளிக்கு 27. இனத்தைச் சொல்ல முடிவதும் முடியாமற்போவதும் இந்த வித்தியாசத்தில் இருக்கிறது. பத்து சென்டிமீட்டர் நீளமுள்ள தேன்சிட்டுக்கு இதே கணக்கைப் போட்டால் 0.12 மடங்கு லென்ஸே படத்தின் மூன்றில் ஒரு பங்கை நிறைத்துவிடும், அது தாராளம். எனவே பறவைகள் மட்டும் போதும் என்பவருக்கு இந்தக் கட்டுரையில் சொல்லப்படும் குறை பெரிதாகத் தோன்றாது. அதை ஒப்புக்கொள்கிறேன். குருவியைவிடச் சிறிய எதையும் பார்க்க விரும்புகிறவருக்குத்தான் இது சுவராக வந்து நிற்கிறது.

ஏன் இப்படி? பள்ளியில் படித்த குவிலென்ஸ் சூத்திரத்திலேயே பதில் இருக்கிறது. வெகுதொலைவில் உள்ள பொருளின் பிம்பம் குவியத்தில் விழும். பொருள் நெருங்க நெருங்க, பிம்பம் பின்னால் போகும். அதைச் சென்சாரில் விழவைக்க லென்ஸை முன்னால் நகர்த்த வேண்டும். 50 எம்.எம். லென்ஸ் 3 மீட்டரில் உள்ள ஒன்றைத் தெளிவாகக் காட்ட ஒரு மி.மீ.க்கும் குறைவாக நகர்ந்தால் போதும். 500 எம்.எம். லென்ஸ் அதே 3 மீட்டருக்கு 100 மி.மீ. நகர வேண்டும். ஒன்றரை மீட்டருக்கு வர வேண்டுமானால் 250 மி.மீ., அதாவது கால் மீட்டர். கிலோக்கணக்கில் எடையுள்ள கண்ணாடிகளை அவ்வளவு தூரம் முன்னே தள்ளி, நடுங்காமல் நிறுத்தி, கண்மூடித் திறப்பதற்குள் திரும்ப இழுக்கும் இயந்திரத்தை யாராலும் கையில் ஏந்த முடியாது. அதனால்தான் 1970களிலிருந்து உள் ஃபோக்கஸ் என்ற முறை பரவியது. லென்ஸ் முழுவதும் நகராது. உள்ளே இருக்கும் சிறிய கண்ணாடித் தொகுதி ஒன்று மட்டும் நகரும். வேகம் கிடைத்தது, லென்ஸின் நீளம் மாறாமல் நின்றது. ஆனால் வெகுதொலைவுக்கு என்று கணக்கிட்டுத் தீட்டிய கண்ணாடிகள் அருகில் வரும்போது பிம்பத்தின் கூர்மை குலையும். அதைச் சரிசெய்யக் கூடுதல் கண்ணாடிகளும், தனித்தனியாக நகரும் தொகுதிகளும் தேவைப்படும். எங்கே கூர்மை தாங்காதோ, எங்கே செலவு தாங்காதோ அங்கே வடிவமைப்பாளர் ஒரு கோடு கிழிக்கிறார். பட்டியலில் நாம் காணும் மீட்டர் கணக்கு அந்தக் கோடுதான். அதில் இயற்பியலும் இருக்கிறது. யாருக்காக இந்த லென்ஸ் என்ற முடிவும் இருக்கிறது. நான் கேள்வி கேட்பது இரண்டாவதைப் பற்றி.

உள் ஃபோக்கஸில் இன்னொரு விஷயமும் ஒளிந்திருக்கிறது. உள்ளே தொகுதி நகரும்போது பல லென்ஸ்களில் குவியத் தூரமே சுருங்கிவிடுகிறது. இதற்கு மிகவும் பேசப்பட்ட எடுத்துக்காட்டு 2009-ல் வந்த நிக்கான் 70-200 எஃப்/2.8 லென்ஸின் இரண்டாம் பதிப்பு. அதன் குறைந்தபட்சத் தூரம் 1.4 மீட்டர், உருப்பெருக்கம் வெறும் 0.12 மடங்கு. இந்த இரண்டு எண்களையும் சூத்திரத்தில் போட்டால், 200 என்று பொறித்திருக்கும் இடத்தில் அந்த லென்ஸ் அருகில் உண்மையில் 130 எம்.எம்.மை ஒட்டியே இருக்கிறது என்பது தெரியும். தொலைவில் அது உண்மையான 200 தான். ஏமாற்று ஏதும் இல்லை. ஆனால் வளையத்தில் உள்ள எண்ணை நம்பி ஓணானின் தலையை நெருக்கமாக எடுக்க முயன்றவருக்கு அந்த 200 கிடைக்கவில்லை. ஒளிப்படக்காரர்கள் இதை விடாமல் சுட்டிக்காட்டினார்கள். 2016-ல் வந்த அடுத்த பதிப்பில் தூரம் 1.1 மீட்டராகக் குறைந்தது, உருப்பெருக்கம் 0.21 மடங்காக உயர்ந்தது. மீட்டரை மட்டும் பார்த்து லென்ஸை எடைபோடக் கூடாது என்பதற்கும், வாங்குகிறவர்கள் கேட்கும் இடத்தில் கோடு நகர்கிறது என்பதற்கும் இது ஒன்றே சான்று.

கோடு நகர்ந்த வேறு இடங்களும் உண்டு. கேனனின் 100-400 ஜூம் 1998-ல் வந்தபோது 1.8 மீட்டர், 0.2 மடங்கு. 2014-ல் வந்த இரண்டாம் பதிப்பு 0.98 மீட்டர், 0.31 மடங்கு. வண்ணத்துப்பூச்சி ஆர்வலர்கள் அந்த லென்ஸைக் கொண்டாடியதற்குக் காரணம் கூர்மை மட்டுமல்ல, இந்த எண்களும்தான். நிக்கானின் புதிய 100-400 ஜூம் 0.38 மடங்கு. 2021-ல் வந்த கேனனின் எளிய 100-400 எஃப்/5.6-8 லென்ஸின் எடை 635 கிராம்தான், அது 0.41 மடங்கைத் தொடுகிறது. பத்து லட்சத்துக்கும் மேல் விலைபோகும் 600 எம்.எம். எஃப்/4 லென்ஸ்கள் 0.15ஐ ஒட்டி நிற்கும்போது, அந்த விலையில் சிறு பங்கே ஆகும் லென்ஸ் அதைப்போல இரண்டரை மடங்குக்கும் மேல் பெரிதாகக் காட்டுகிறது. இன்னும் பின்னால் போனால் 1980களிலேயே, கண்ணாடி வில்லைகளோடு ஆடிகளையும் கொண்டு செய்த 500 எம்.எம். எஃப்/8 மிரர் லென்ஸ்கள் இருந்தன. டாம்ரான் செய்தது 1.7 மீட்டரில் மூன்றில் ஒரு பங்கு அளவும், நிக்கான் செய்தது 1.5 மீட்டரில் 0.4 மடங்கும் காட்டின. அவற்றில் ஒளித்துளையை மாற்ற முடியாது, கையால்தான் ஃபோக்கஸ் செய்ய வேண்டும், பின்னணியில் ஒளிப்புள்ளிகள் வளையம் வளையமாக விழும், குறைகள் பல. இருந்தாலும் 500 எம்.எம். என்றாலே நான்கு மீட்டருக்கு அப்பால்தான் என்ற விதி எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை என்பதை அவை நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே காட்டிவிட்டன.

சரி, யாருக்கு இதனால் என்ன நட்டம்? இந்தியாவில் 1,300க்கும் மேற்பட்ட பறவை இனங்கள் இருக்கின்றன. வண்ணத்துப்பூச்சி இனங்களும் 1,300க்கு மேல்தான். இரண்டும் எண்ணிக்கையில் ஏறக்குறைய சமம். ஆனால் நம் ஊர்க் கானுயிர் ஒளிப்படக் கண்காட்சி எதற்குப் போனாலும் அங்கே அவை சமமாக இருப்பதில்லை. புலி, யானை, சிறுத்தை, கழுகு, ஆந்தை, மீன்கொத்தி. ஓரத்தில் இரண்டு மூன்று பூச்சிகள், அவையும் மேக்ரோ என்ற தனிப் பிரிவில். கானுயிர் என்ற சொல்லே டெலி லென்ஸில் அகப்படுவதைக் குறிக்கும் சொல்லாகச் சுருங்கிவிட்டது. இதற்கு லென்ஸ் மட்டுமே காரணம் என்று சொல்லமாட்டேன். பெரிய விலங்கின் மேல் மனிதனுக்குள்ள ஈர்ப்பு லென்ஸைவிட மிகப் பழையது. ஆனால் காட்டோரத்தில் ஒரு நாள் முழுக்க நடக்கும் ஒருவரின் கையில் இருப்பது ஒரே லென்ஸ். அது எதைக் காட்டுகிறதோ அதைத்தான் அவர் பார்க்கப் பழகுகிறார். வழியில் உள்ள ஈர மண்ணில் உப்புச்சத்தை உறிஞ்ச வண்ணத்துப்பூச்சிகள் கூட்டமாக இறங்கியிருக்கும்போது, மூன்றரை மீட்டருக்கு அப்பால் நின்றே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் லென்ஸ் அவரை இரண்டு அடி பின்னால் தள்ளுகிறது. கிடைத்த படத்தில் பூச்சிகள் வண்ணப் பொட்டுகளாக நிற்கின்றன. இரண்டு மூன்று முறை இப்படி ஆனால் அடுத்த முறை அவர் அங்கே நிற்பதில்லை. பழக்கம் இப்படித்தான் உருவாகிறது.

இந்தப் பழக்கத்தால் இழப்பது அழகான படங்களை மட்டும் அல்ல. பறவையைப் பொறுத்தவரை, படம் இல்லாமலும் பதிவு உண்டு. இருநோக்கியில் பார்த்து, குரலைக் கேட்டு, குறிப்பேட்டில் எழுதினால் அது ஈபேர்ட் போன்ற தளங்களில் தரவாகிவிடும். தட்டானையும் நீலனையும் வண்டையும் அப்படிப் பதிய முடிவது அரிது. படம் இருந்தால்தான் ஐநேச்சுரலிஸ்ட் போன்ற தளங்களில் பிறர் பார்த்து, இது இன்ன இனம் என்று உறுதிசெய்வார்கள். அதாவது படத்தின் தேவை எங்கே அதிகமோ அங்கே நம் லென்ஸ்கள் கைவிடுகின்றன. தமிழ்நாடு அரசு 2019-ல் தமிழ் மறவன் என்ற வண்ணத்துப்பூச்சியை மாநிலப் பட்டாம்பூச்சியாக அறிவித்தது. அது ஏழு சென்டிமீட்டர் வரை இறக்கை விரிக்கும், ஓரளவு பெரிய பூச்சி. சாதாரண டெலி லென்ஸில்கூட முகம் காட்டும். அதன் பக்கத்திலேயே பறக்கும் இரண்டு சென்டிமீட்டர் உறவுகளுக்கு அந்த வாய்ப்பு இல்லை. மேற்கு மலைத்தொடரின் அடிவாரத்தில் எந்த இனம் எந்த மாதத்தில் எங்கே பறக்கிறது என்ற அறிவின் பெரும்பகுதி, விடுமுறை நாளில் கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பும் சாதாரண மனிதர்கள் சேர்த்துத் தருவது. அவர்கள் கையில் உள்ள கருவியின் கடைசி வரி, அந்த அறிவின் எல்லையும் ஆகிவிடுகிறது.

இதற்கு உடனே வரும் மறுப்பு: பூச்சிக்குத்தான் மேக்ரோ லென்ஸ் இருக்கிறதே, வேலைக்கேற்ற கருவியை எடுத்துக்கொள்ள வேண்டியதுதானே? கேட்பதற்கு நியாயமாகவே இருக்கிறது. ஒரு பூச்சியின் கூட்டுக்கண்ணை முழுச் சட்டத்தில் நிறைக்க வேண்டுமானால் மேக்ரோவுக்கு மாற்றே கிடையாது. ஆனால் 100 எம்.எம். மேக்ரோ லென்ஸில் 1 மடங்கை எட்ட, லென்ஸின் முனைக்கும் பூச்சிக்கும் நடுவே ஒரு சாண்கூட இருக்காது. மூன்றில் ஒரு பங்கு போதும் என்றாலும் ஓரடி தூரத்துக்கு நெருங்கியாக வேண்டும். வெயிலேறிய பொழுதில் சுறுசுறுப்பாக இருக்கும் வண்ணத்துப்பூச்சி அந்த ஓரடியை அனுமதிப்பது அபூர்வம். குளத்தின் நடுவில் ஊன்றிய குச்சியில் உட்காரும் தட்டானிடம் போக, தண்ணீரில் இறங்க வேண்டும். இறங்கினால் அது போய்விடும். சுருட்டை விரியனிடம் ஓரடிக்குள் முகத்தைக் கொண்டுபோவது உயிரோடு விளையாடுவது. ஒன்றரை மீட்டரிலிருந்து 0.24 மடங்கு காட்டும் கேனன் 300 எம்.எம். எஃப்/4 லென்ஸையும் அதற்கு இணையான நிக்கான் லென்ஸையும் பூச்சி, பல்லி, பாம்பு ஆர்வலர்கள் பல ஆண்டுகள் விடாமல் வைத்திருந்தது இதனால்தான். மேக்ரோவின் ஓரடிக்கும் சாதாரண டெலி லென்ஸின் மூன்று மீட்டருக்கும் நடுவே ஒரு பெரிய வெளி இருக்கிறது. நடமாடும் சிற்றுயிர்கள் மனிதனைப் பொறுத்துக்கொள்ளும் தூரம் பெரும்பாலும் அந்த வெளிக்குள்தான் விழுகிறது. அதற்குப் பொருந்தும் கருவி, அருகில் ஃபோக்கஸ் ஆகும் டெலி லென்ஸ் மட்டுமே. இன்னொரு நன்மையும் உண்டு. ஒரே உருப்பெருக்கம், ஒரே ஒளித்துளை என்றால் தெளிவாகத் தெரியும் ஆழம் மேக்ரோவிலும் டெலியிலும் ஏறக்குறைய ஒன்றே. டெலி லென்ஸின் பார்வைக்கோணம் குறுகியது என்பதால் பின்னணியில் வந்து விழும் புதரும் குச்சியும் குறைவு. பூச்சி தனித்துத் தெரியும்.

துணைக்கருவிகளைக் காட்டிச் சமாதானம் சொல்பவர்களும் இருக்கிறார்கள். எக்ஸ்டென்ஷன் டியூபை மாட்டினால் லென்ஸ் அருகில் பார்க்கும் என்பது உண்மை. ஆனால் அது தரும் கூடுதல் உருப்பெருக்கம் என்பது டியூபின் நீளத்தைக் குவியத் தூரத்தால் வகுத்தால் வருவது. 25 மி.மீ. டியூப் 50 எம்.எம். லென்ஸுக்கு 0.5 மடங்கைக் கூட்டித் தரும், 500 எம்.எம். லென்ஸுக்கு 0.05 மட்டுமே. அதற்கு விலையாகத் தொலைவில் ஃபோக்கஸ் ஆவது போய்விடும். தட்டானை எடுத்துக்கொண்டிருக்கும்போது தலைக்கு மேல் கழுகு வந்தால் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். முன்னால் திருகும் குளோசப் கண்ணாடி இன்னும் நன்றாகப் பெருக்கும், ஆனால் பெரிய லென்ஸ்களின் முன்புறத்தில் அதைத் திருகுவதற்கு மரையே கிடையாது. இருப்பவற்றில் உருப்படியானது டெலிகன்வெர்ட்டர். அது குறைந்தபட்சத் தூரத்தை மாற்றாமல் உருப்பெருக்கத்தை மட்டும் 1.4 மடங்கு கூட்டும், 0.31 உள்ள லென்ஸ் 0.43 ஆகும். ஏற்கெனவே அருகில் பார்க்கத் தெரிந்த லென்ஸுக்குத்தான் அது கை கொடுக்கிறது. 0.12 உள்ள லென்ஸை அது 0.17க்குத்தான் கொண்டுபோகும். 45 மெகாபிக்சல் இருக்கிறதே, வெட்டிப் பெரிதாக்கிக்கொள்ளலாமே என்ற பேச்சும் இதே வகை. முன்பு சொன்ன நீலனுக்கு அந்தக் கேமரா 0.12 மடங்கில் தருவது 275 பிக்சல். 24 மெகாபிக்சல் கேமராவில் 0.33 மடங்கு லென்ஸ் தருவது 550. கேமராவுக்குச் செலவழிப்பதைவிட லென்ஸின் கடைசி வரியைப் படிப்பது இரட்டிப்புப் பலன் தருகிறது.

மனச்சாட்சியோடு எழுப்பப்படும் மறுப்பு ஒன்று உண்டு. அதை நான் மதிக்கிறேன். கானுயிரைவிட்டு விலகி நிற்பதே ஒழுக்கம், அருகில் ஃபோக்கஸ் ஆகும் லென்ஸ் மனிதர்களை நெருங்கத் தூண்டாதா என்பது அது. நெருக்கத்தால் நேர்ந்த தீமைகள் கற்பனை அல்ல. கூட்டில் இருக்கும் பறவையை நெருங்கினால் அது கூட்டையே கைவிடக்கூடும். கூட்டுப் படங்களை ஏற்கமாட்டோம் என்று இந்தியாவில் ஒளிப்படப் போட்டிகள் விதி வைத்திருப்பது அதனால்தான். அந்த விதி எந்த லென்ஸுக்கும் பொருந்தும். ஆனால் சிற்றுயிர்களின் உலகில் கொடுமை வேறு இடத்திலிருந்து வருகிறது. மேக்ரோ லென்ஸோடு நெருங்க முடியாதவர்கள் பூச்சியைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து மரத்துப்போகச் செய்து எடுக்கிறார்கள். தவளையையும் பச்சோந்தியையும் பிடித்துக் கிளையில் அமர்த்தி எடுக்கிறார்கள். ஒரு மீட்டருக்கு அப்பால், அது இருந்த இடத்திலேயே, அதன் வேலையைக் கெடுக்காமல் எடுக்க வழி இருந்தால் இவற்றுக்கான சாக்கு பெருமளவு போய்விடும். லென்ஸின் அருகு எல்லை என்பது யாரையும் முன்னே இழுப்பதில்லை. அசையாமல் உட்கார்ந்திருப்பவரிடம் உயிர்கள் தாமாக வரும்போது அவரைப் பின்னே தள்ளாமல் இருக்கிறது, அவ்வளவே. இருநோக்கி செய்பவர்கள் இதை எப்போதோ புரிந்துகொண்டுவிட்டார்கள். அரை மீட்டரில் தெளியும் பென்டாக்ஸ் பப்பிலியோ என்ற இருநோக்கி பூச்சி பார்ப்பவர்களுக்கென்றே விற்கப்படுகிறது; பப்பிலியோ என்றாலே லத்தீனில் வண்ணத்துப்பூச்சி.

தயாரிப்பாளர்கள் தரப்பில் சொல்லப்படுவதிலும் உண்மை இருக்கிறது. 600 எம்.எம். எஃப்/4 லென்ஸின் முன்கண்ணாடி குறைந்தது 150 மி.மீ. அகலம் இருந்தாக வேண்டும். அவ்வளவு பெரிய துளையில் அருகில் கூர்மையைக் காப்பது, எஃப்/8 லென்ஸில் காப்பதைவிடப் பலமடங்கு கடினம். அந்த லென்ஸ் வண்ணத்துப்பூச்சிக்கும் ஆக வேண்டும் என்று நான் கேட்கவில்லை. நான் கேட்பது சாதாரண மனிதர்கள் வாங்கும் 100-400, 150-600, 200-600 வகை ஜூம்களைப் பற்றி. ஃபோக்கஸ் ஓட வேண்டிய நீளம் கூடினால் பறக்கும் பறவையைப் பிடிக்கும் வேகம் குறையும் என்பார்கள். அதற்குத்தான் லென்ஸின் பக்கவாட்டில் தூரத்தை வரையறுக்கும் பொத்தான் இருக்கிறது. அருகை வேண்டாம் என்று அடைத்துவிட்டால் மோட்டார் அந்தப் பக்கம் போகாது. 2023-ல் சோனி வெளியிட்ட 70-200 எஃப்/4 ஜூம், எல்லா எம்.எம்.மிலும் 0.5 மடங்கு காட்டுகிறது. பெயரிலேயே மேக்ரோ என்று போட்டுக்கொள்கிறது. கைபேசி செய்பவர்கள்கூட, ஷவோமி 13 ப்ரோ போன்றவற்றில், டெலி லென்ஸ் பத்து சென்டிமீட்டரில் தெளியும் என்பதை முதல் வரி விளம்பரமாக்கினார்கள். செய்ய முடியும் என்பதும் கேட்க ஆள் இருக்கிறது என்பதும் இரண்டு பக்கமும் தெரிந்துவிட்டது. 400 எம்.எம்.முக்கு மேல் போகும் ஜூம்களில் மட்டும் பல இன்னும் 0.2ஐ ஒட்டியே நிற்கின்றன.

ஆகவே விவரப் பட்டியலில் மூன்று தகவல்கள் எம்.எம்.முக்குப் பக்கத்திலேயே அச்சாக வேண்டும்: உச்ச உருப்பெருக்கம், அது எந்த எம்.எம்.மில் கிடைக்கிறது, அப்போது லென்ஸின் முனைக்கும் உயிருக்கும் நடுவே எவ்வளவு இடம் மிஞ்சுகிறது. கடைசியானதை எவரும் எளிதில் சொல்வதில்லை. 0.98 மீட்டர் என்று எழுதியிருக்கும் லென்ஸில், கேமராவின் ஆழமும் நீட்டிய லென்ஸின் நீளமும் போக, முக்கால் மீட்டருக்கும் குறைவாகவே எஞ்சும். அருகில் எடுத்த படத்தின் கூர்மையைத் தொலைவில் எடுத்ததோடு வைத்து ஒப்பிடுவதை லென்ஸ் மதிப்புரை எழுதுகிறவர்கள் வழக்கமாக்க வேண்டும். பலரும் சோதிப்பது தொலைவை மட்டுமே. பயிற்சி வகுப்பு நடத்தும் ஒளிப்படச் சங்கங்கள் முதல் நாளே இந்த வரியைப் படிக்கக் கற்றுத் தரலாம்.

பட்டியல் மாறும்வரை கடையிலேயே சோதித்துக்கொள்ள ஒரு வழி உண்டு. பத்து ரூபாய் நாணயத்தின் குறுக்களவு 27 மி.மீ. அதை மேசையில் நிறுத்திவைத்து, லென்ஸ் எவ்வளவு அருகில் தெளிகிறதோ அவ்வளவு அருகில் போய் ஒரு படம் எடுங்கள். முழு அளவு சென்சாரில் நாணயம் படத்தின் அகலத்தில் நான்கில் ஒரு பங்கைப் பிடித்தால் அந்த லென்ஸ் 0.33 மடங்கு, பத்தில் ஒரு பங்குகூடத் தேறவில்லை என்றால் 0.13க்கும் கீழே. சிறிய சென்சார் உள்ள கேமராவில் நாணயம் இன்னும் பெரிதாகத் தெரியும் என்பதால், இரண்டு லென்ஸ்களை ஒப்பிடும்போது கேமராவை மாற்றாதீர்கள். ஜூமை நீள முனையில் வைத்தும் குட்டை முனையில் வைத்தும் தனித்தனியாக எடுத்துப் பாருங்கள். நிக்கான் 180-600 ஜூம் 1.3 மீட்டரில் தெளிவது 180-ல் மட்டும்தான். 600-ல் அதற்கு 2.4 மீட்டர் வேண்டும்.